புதன்கிழமைத் தண்ணீர்

சேர்மன் குடியிருக்கும் தெரு என்றால் குழாயில் எந்நேரமும் தண்ணீர் கொட்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் சம்பந்தி வீட்டார் நினைத்திருந்தார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மில்லில் ஃபிட்டராக இருந்து, கவுன்சிலராகி, ராஜபாளையத்துக்கே சேர்மனாக உட்கார்ந்ததும் எதிர்வீட்டு மனுஷர் செய்த முதல் காரியம், தண்ணீர் விடும் முறையில் தன் தெருவைக் கடைசியில் தள்ளியதுதான். மற்ற தெருக்களுக்கெல்லாம் விட்டு முடித்து, வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமைதான் எங்களுக்கு வரும்.

நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. நகராட்சிக் கார் ஷெட்டில் கிடக்க, தண்ணீர் திறந்துவிடும் ஊழியரோடு விடிகாலையில் தெருத்தெருவாக நடப்பார். எந்த வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் என் மகளின் வளைகாப்பு ஒரு புதன்கிழமையில் வந்தபோது அந்த நல்ல குணமே எனக்கு எரிச்சலாக இருந்தது. நேரே போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் முன்னாடி திறந்துவிடச் சொல்லுங்க. சம்பந்தி முன்னால மானம் போயிரும்.”

“புதன்கிழமை மேலத்தெரு முறை தாயி. அவுக தண்ணிய நான் எப்படி எடுத்துக் குடுக்க? எங்க தொட்டியில இருக்கத எடுத்துக்க.”

தொட்டியில் நாலு குடம்தான் இருந்தது. அதையும் அவர் மனைவி முகம் கோணாமல் மொண்டு கொடுத்தார். நான் லாரித் தண்ணீர் வாங்கி விழாவை ஒப்பேற்றினேன். கோபம் மட்டும் தீரவில்லை. அடுத்த தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. என்னைப் போலவே பலரும் போடவில்லை. சொந்த வார்டிலேயே சொற்ப ஓட்டில் தோற்றார்.

ஜெயித்த புதுக் கவுன்சிலர் எங்களைக் குளிர்விக்க, மேலத்தெரு நேரத்தில் பாதியைப் பிடுங்கி, வியாழன் போகப் புதன்கிழமையும் எங்களுக்கு விடவைத்தார். நானும் ஆசை ஆசையாகக் குடங்களை வரிசையில் வைத்தேன். பழைய சேர்மன் வீட்டுக் குழாய் மட்டும் புதன்கிழமைகளில் திறக்கவே இல்லை. வியாழக்கிழமை திறந்தார்கள். வாராவாரம் அதையே பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தெருவைக் கடந்து போய்ச் சொல்லிவிட்டேன்.

“அண்ணாச்சி, நான் உங்களுக்கு ஓட்டுப் போடல.”

“தெரியும் தாயி. அம்புட்டுக் கோவத்துல இருந்தா நானும் போட்டிருக்க மாட்டேன்” என்று சிரித்தார். “பேரப்பிள்ளை நல்லாருக்கானா?”

பின்னால், என் வாசலில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. அன்று புதன்கிழமை.