பாக்கியத்துக்கு ஊட்டிய கேக்

நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று வெளியில் நினைக்கிறார்கள். சமூக சேவைக்குப் புள்ளிகள் உண்டாம். மாணவர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள்.

போன டிசம்பரில் வந்தவர்கள் கேக் வெட்டினார்கள். ஆளுக்கொரு துண்டை எங்கள் வாயில் ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டில் பாக்கியம் பக்கவாதம் வந்து படுத்தவள். கஞ்சியைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இறங்காது.

"அவளுக்கு விழுங்க வராது, குடுக்காதம்மா" என்றேன்.

"கொஞ்சூண்டுதான் பாட்டி, ஒரே ஒரு போட்டோ லா" என்று ஒரு பெண் ஊட்டியேவிட்டாள்.

பாக்கியத்துக்குப் புரையேறியது. மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்தது. நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்து, அவளைக் குனியவைத்து முதுகில் தட்டினார். கேக் வெளியே வந்து விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஊட்டிய பெண் தன் தோழியிடம் கேட்டாள்: "முன்ன எடுத்தது நல்லா வந்திருக்கா?"

இப்போதெல்லாம் பிள்ளைகள் வரும் நாளில், பாக்கியத்தின் கட்டிலை மறைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கேக்கை நீட்டினால் நானே வாயைத் திறந்து, படத்துக்குச் சிரிக்கவும் செய்கிறேன். எனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது. ஆனால் விழுங்க வரும்.