உரப்பேக்குக்கு வாங்கிய பைக்

நான் பைக் பழகக் கேட்டதும், "வயலுக்கு உரப்பேக்கும் ஏத்தலாம், நீயும் பழகலாம்" என்று கணவர் உயரமான, பெரிய பைக்கை வாங்கி வந்தார்.

வயலுக்குப் போகும் மண்பாதையில், பின்னால் இருந்து கணவரின் சகோதரியான மச்சாள் சொல்லித்தர ஓட்டினேன். மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், ஊன்றப் போன கால் நிலத்துக்கு எட்டவில்லை. இருவரும் சேற்றில் விழுந்தோம். பைக் எங்கள் மேல் சாயாமல் போனது அதிர்ஷ்டம்.

"இப்பதான் யோசிக்கன் மச்சாள், உங்கட பழகுற பேர்மிட் சின்ன பைக்குக்குத்தானே! இத ஓடவே ஏலாதே" என்றார், என்னையும் 'மச்சாள்' என்றே கூப்பிடும் அவர்.

பைக்கை மாற்ற நானே கடைக்குப் போனேன். பேர்மிட்டைக் காட்டி அதற்குரிய பைக்கைக் கேட்டேன். கணவர் பின்கரியரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைக் கழற்றி, ஏறி இருந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துப் பார்த்தேன்.

உரப்பேக் இப்போதும் அவருடைய பழைய சைக்கிளில்தான் போகிறது.