பட்டுப்புழுவுக்கு மருந்தடித்தவன்

பயிர், பூச்சி, நோய், மருந்து எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் வம்சாவளி எழுதுவதுதான் எங்கள் தொழில்: எது எந்தக் கூட்டம், அதற்கு அப்பா எது, பிள்ளை எது என்று. விவசாயி போன் செய்தால், உதவி மையத்துப் பெண் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். நாங்கள் பிசகினால் அவர் பிழைப்பு போச்சு. டேட்டா அடித்தே கண் பூத்துப்போனவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

அமீர்பேட் ஹாஸ்டல்

ஹைதராபாத்தில் நான் தங்கிய அந்த ஹாஸ்டலில் என்னைத் தவிர எல்லோரும் ஜாவா படித்தார்கள். ஹாஸ்டல் நடத்திய நெல்லூர் அம்மா எனக்காக அரைத்தமிழ் பேசுவார். கத்தரிக்காய்க்கு என்னென்ன பூச்சி வரும் என்று எழுதுகிறேன் என்றதும் மேலும் கீழும் பார்த்தார். தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

"அய்யோ பாபம், சாஃப்ட்வேர் வேலை கிடைக்கிற வரைக்கும் நல்லா சாப்பிடு பாபு."

மிளகாய்ச் சண்டை

நாங்கள் எழுதுவதை ஊர் ஊராக உள்ள நிபுணர்கள் மெயிலில் திருத்துவார்கள். மிளகாயைக் காய்கறியில் சேர் என்றார் கோயம்புத்தூர்க்காரர். மசாலாவில் சேர் என்றார் குண்டூர்க்காரர். ஒரு வாரம் நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன். பக்கத்து சீட் பத்மா அக்கா, தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத் தமிழர், ஒரே வரியில் முடித்துவைத்தார்.

"கைக்குப்பா, எதுக்குப்பா டென்ஷன்? ரெண்டு அப்பா போட்டுடு, மிளகாய்க்கு யாரும் பொண்ணு குடுக்கப் போறதில்ல."

என் கைவரிசை

அப்பாவுக்கு எழுதினது பிள்ளைகளுக்கும் தானாகப் போய்ச் சேரும், அதுதான் எங்கள் முறை. 'இலை தின்னும் புழுக்கள்: மருந்து தெளிக்கவும்' என்று எழுதினேன். பட்டுப்புழுவும் இலைதானே தின்கிறது? அதையும் அங்கேயே சேர்த்தேன்.

திங்கட்கிழமை மையம் திறப்பு. வெள்ளிக்கிழமை சோதனைக்காக மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் யாதகிரி என்ற விவசாயியைப் போன் செய்யச் சொன்னோம். புழு சரியாக இலை தின்னவில்லை, என்ன செய்ய என்று கேட்டார். மையத்துப் பெண் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தாள்: மருந்து தெளிக்கவும். மூன்று நாள் கழித்து யாராவது நிஜமாகவே கேட்டிருந்தால், ஒரு குடும்பத்தின் மொத்தப் புழுவும் செத்திருக்கும்.

பத்மா அக்கா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேனீயையும் நான் மருந்தடிக்க வேண்டிய பூச்சிக் கூட்டத்தில் தள்ளி வைத்திருந்தேன். ஞாயிறு சாயங்காலம் வரை ஒவ்வொன்றாக இருவரும் பிரித்தெடுத்தோம். அந்த அக்கா இல்லையென்றால் நான் இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக யாதகிரியே போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார். பதில் சரியாக வந்தது. திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே நான் போனை வாங்கினேன்.

"இப்ப சரி சார். முன்ன எழுதினவர் புழுவைப் பார்த்ததே இல்ல போல, ஒரு நாள் அனுப்பி வைங்க, எங்க வீட்டிலயே சாப்பிட்டுக்கலாம்."

போனேன், சாப்பிட்டேன், கொட்டகையில் மும்முரமாக இலை தின்றுகொண்டிருந்த அத்தனை புழுவிடமும் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன்.