பின்னால் இரண்டு விளக்கு

எங்கள் தெருவுக்குள் முகம் காட்டி வரும் எந்த வண்டியும் முதுகு காட்டித்தான் வெளியே போக வேண்டும். சீர்காழி ரோட்டிலிருந்து பிரிந்து வரும் மண்பாதைக்கு ஒரு பக்கம் பாசன வாய்க்கால், மறு பக்கம் பண்ணை வீட்டு வயலின் முள்வேலி. நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் இடம். தெரு முனையிலும் திருப்ப வழியில்லை. அதனால் எங்கள் நெல் மூட்டைகளை ஏற்ற எந்த லாரியும் வராது. தலைச்சுமையாக ரோடு வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அங்கே நின்று லாரிக்காரரைக் கெஞ்ச வேண்டும்.

இதற்காகத்தான் என் அண்ணன் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினான். பூம்புகாரில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி அது. எத்தனை முறை கழுவினாலும் வெயில் ஏறியதும் மத்தி மீன் வாசனை கிளம்பும். தெருப் பூனைகள் அதைத் தங்கள் வீடாகவே எடுத்துக்கொண்டன. வாங்கிய சில மாதங்களில் அண்ணனுக்குச் சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. அவன் போன பிறகு வைத்த டிரைவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. வாய்க்கால் ஓரமாக அவ்வளவு தூரம் பின்னாலேயே ஓட்டிப் போனால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று ஒருவர் நின்றார். இன்னொருவர் காரணம் சொல்லாமலே நின்றார்.

அப்போது நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மாயவரத்தில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். மயிலாடுதுறை என்று போர்டு மாறிப் பல வருஷங்கள் ஆகியும் எங்களுக்கு அது மாயவரம்தான். லைசென்ஸ் வாங்கி வந்து முதல் நாள் வண்டியை எடுத்தபோது, ஒரு பெண் ஓட்டுவதைப் பார்க்கத் தெருவே வாசலில் நின்றது. அம்மா மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முன்னால் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிட்டது. பின்னால் ஓட்டுவதுதான் பாடாய்ப் படுத்தியது. அந்த வண்டிக்கு ரிவர்ஸ் விளக்கு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பிரேக் விளக்கில் ஒன்று எரியும், ஒன்று நினைத்தால் எரியும். குறுவை அறுப்பின்போது ஒரு சாயங்காலம், பொழுது மங்கிய நேரத்தில், மூட்டைகளோடு பின்னால் போகையில் பின் சக்கரம் கரையை விட்டு வழுக்கி, வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்துவிட்டது. மூன்று நான்கு மூட்டைகள் ஆகாயத்தாமரைக்கு நடுவே விழுந்தன. தெருக்காரர்கள் இறங்கித் தூக்கிப் போட்டார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அப்பா தனியாகக் குனிந்து நனைந்த நெல்லைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே வண்டியை மாயவரத்துக்கு ஓட்டிப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை இருந்தது. அந்த அண்ணன் வண்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கல்யாணப் பெண்ணுக்கு நகை போடுவதுபோல் என்னென்ன மாட்டலாம் என்று ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தார். உடைந்த லாரி ஒன்றிலிருந்து கழற்றிய ஹாலஜன் விளக்குகள் இரண்டு அவரிடம் இருந்தன. அவற்றைப் பின்கதவுக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் வைக்கலாம். லாரிக் கண்ணாடி போட்டால் பின் சக்கரம் வரை தெரியும். பின்னால் நிற்பவர்கள் நகர்வதற்கு ரிவர்ஸ் ஹாரன் வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் சரி என்றேன்.

சாயங்காலம் போனபோது வண்டி அடையாளமே மாறியிருந்தது. விளக்குகள் பளபளத்தன. நான் கேட்காத ஒன்றும் இருந்தது. பின்கதவு நீளத்துக்கும் ரேடியம் ஸ்டிக்கரில் அவருடைய கட்சிக் கொடியின் நிறத்தில் பட்டை ஒட்டியிருந்தார். அவர் கடை வாசலிலும் அதே நிறம்தான். என் அப்பாவோ வாழ்நாள் முழுக்கச் செங்கொடிச் சங்கத்துக்காரர். இந்தப் பட்டையோடு போனால் வண்டியை வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். கடைக்கார அண்ணன் ஸ்டிக்கர் சுருள்களைப் புரட்டினார்.

"செவப்பு ஒட்டுனா எங்க கட்சி வட்டம் என்னைய சேத்துக்காது, தங்கச்சி. மஞ்சள் ஒட்டிர்றேன். மஞ்சள்னா மங்களம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கடை வாசலிலேயே ஒட்டியதைப் பிய்த்து மஞ்சள் பட்டை போட்டார். நானும் சந்தோஷமாகக் கிளம்பினேன். கோயில் வடக்கு வீதி திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

நான் பதறிப்போய் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பின்னால் ஒன்றும் இல்லை, காலிச் சாக்குகள்தான். ஏறி உட்கார்ந்து கொஞ்சம் நகர்த்தி மறுபடி பிரேக் போட்டேன். மறுபடி அழுகை. பூக்கடையில் நின்ற ஒரு அம்மாள் என் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"பச்சப்புள்ளைய பின்னாடி போட்டுட்டு நீ பாட்டுக்கு ஓட்டிட்டுப் போறியே, பெத்தவதானா நீ?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. நாலு பேர் கூடி, சாக்கைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனபோது விஷயம் புரிந்தது. வண்டி பழசு, கியர் பெட்டியில் ரிவர்ஸுக்கான சுவிட்ச் செத்துப்போயிருந்தது. அதனால் கடைக்கார அண்ணன் விளக்கையும், குழந்தை அழுவதுபோல் சத்தம் போடும் அந்த ரிவர்ஸ் ஹாரனையும் பிரேக் வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார். பிரேக் போட்டால் விளக்கும் எரியும், குழந்தையும் அழும். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. எந்த நேரமும் வெளிச்சம் இருந்தால் நல்லதுதானே என்றார். பிறகு டேஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச் வைத்து, அதைத் தட்டினால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றிக் கொடுத்தார். வேறு சத்தத்தில் ஹாரன் இருக்கிறதா என்று கேட்டேன். நாய் குரைப்பது ஒன்று இருக்கிறது என்றார். குழந்தையே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

தெருவில் அந்த அழுகைக்கு ஏகப்பட்ட வரவேற்பு. சின்னப் பிள்ளைகள் வண்டி கிளம்பும் நேரம் பார்த்து ஓடி வருவார்கள். "புள்ள அழுவுது, வழி விடுங்கடி" என்று வாய்க்காலில் துணி துவைக்கும் பெண்கள் பாதையில் வைத்த வாளியை நகர்த்திக்கொள்வார்கள். என் அம்மா ஒருநாள் சத்தம் கேட்டுத் தன்னையறியாமல் "வந்துட்டேன்டா கண்ணு" என்று எழுந்துவிட்டாள். அதற்காக ஒரு வாரம் அவளைக் கேலி செய்தோம்.

விளக்கும் நன்றாக வேலை செய்தது. சூரியன் இறங்கிய பிறகும் கரையின் விளிம்பு பளிச்சென்று தெரியும். கழுத்து வலியும் குறைந்தது.

தாளடி அறுப்பு வந்தது. ஏற்றி இறக்கிக் குலுங்கிக் குலுங்கி, ஒரு விளக்கின் போல்ட் தளர்ந்து, அது தரையைப் பார்ப்பதை விட்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு சாயங்காலம் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் போகிறேன். அப்பா மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார். பாதி தூரத்தில், பக்கக் கண்ணாடியில், கருவேல முள்ளுக்குள்ளே ஏதோ சதுரமாகத் தெரிந்தது. நிறுத்தினேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். வேலிக்கு நன்றாக உள்ளே, புதருக்கு அடியில், மேல்பக்கம் அம்புக்குறி வெட்டிய ஒரு கல் நின்றது.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். முள் கீறுவதைப் பார்க்காமல் கையை உள்ளே விட்டுக் கல்லைத் தொட்டார்.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் பண்ணை வீட்டு நிலத்தில் வேலை பார்த்தவர்கள். உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் கொஞ்சம் எங்கள் தெருவுக்குப் பட்டாவாகக் கிடைத்தது. அது சும்மா கிடைக்கவில்லை. அடிதடி, போலீஸ், கோர்ட்டு எல்லாம் நடந்தது. அப்பாவின் புருவத்தில் இருந்த தழும்பு அந்த நாட்களில் வந்ததுதான். நிலம் கைக்கு வந்த பிறகு வழி குறுகிப்போனது. வேலி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நகர்ந்து வந்தது என்பது தெருவின் கட்சி. வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பது பண்ணையின் கட்சி. பாதை உண்மையில் அகலமானது என்று தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கும்போதெல்லாம், எல்லைக் கல் எங்கே, அதைக் காட்டுங்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிட்டார்கள் என்றே எங்கள் ஆட்கள் நம்பியிருந்தார்கள். அது அங்கேயே, முள்ளுக்குள்ளே நின்றுகொண்டிருந்தது.

அப்பா அப்போதே ஆட்களைக் கூட்டி வேலியை வெட்டிவிடலாம் என்றார். இத்தனை வருஷம் காத்திருந்த மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெட்டினால் மறுபடி போலீஸ் வரும், பேச்சு கல்லை விட்டுவிட்டு வேலிக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. காலையில் நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றேன். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு, வாசலில் நின்று பேசாதே, உள்ளே கூப்பிட்டால் உட்கார்ந்து பேசு என்று மட்டும் சொன்னார்.

பண்ணை வீட்டில் அப்போது இருந்தது ஒரு அம்மாள். கணவர் இறந்த பிறகு தானே சாகுபடி பார்த்தார். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தார்கள். மடை பார்க்க வயலில் இறங்குவார், ஆட்களோடு கணீரென்று சண்டை போடுவார். எனக்கு அவரிடம் பயம்தான். நான் போனபோது கொல்லையில் விதை நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன். கல் இருப்பதைச் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தக் கொழந்த அழுவுற வண்டி ஒன்னுதுதானா? ரெண்டு நாளா எங்க கன்னுக்குட்டி அதக் கேட்டுப் பால் குடிக்க மாட்டேங்குது."

மன்னிச்சுக்கங்கம்மா என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். அப்பாவும் இன்னும் சிலரும் பாதையில் நின்றார்கள். அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல் முள்ளை விலக்கிக் குனிந்து, கல்லின் தலையில் இருந்த மண்ணைக் கையால் துடைத்தார். நிமிர்ந்தபோது புடவையில் முள் மாட்டியிருந்தது.

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இந்த வேலி இங்கதான் இருந்துச்சு. நான் நகத்தல. ஆனா கல்லு பொய் சொல்லாது. சர்வேயர வரச்சொல்லுங்க. கோடு எங்க வருதோ அங்க வேலிய நானே எடுத்து நடுறேன்." கொஞ்சம் நிறுத்தி, அப்பாவை முதல் தடவையாகப் பார்த்தார். "ஒரு கல்லுலேர்ந்து அளந்தா எல்லாப் பக்கமும் அளக்கணும். ஒங்க பக்கமும்தான்."

தாராளமா அளக்கலாம் என்றார் அப்பா.

சர்வேயர் சங்கிலியோடு வந்த அன்று அறுப்புக்கு ஆள் போகவில்லை. எல்லாரும் பாதையில் நின்றார்கள். வேலி ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குப் பாதைக்குள் வந்திருந்தது உறுதியானது. எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். சர்வேயர் அளந்துகொண்டே எங்கள் தெரு முனைக்கு வந்தார். அங்கே எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகை முழுதாகப் பாதைக்குள் நின்றது. அதற்கடுத்து அப்பா தன் கையால் நட்ட செங்கொடிக் கம்பம், பீடத்தோடு, நடுப்பாதையில். அதன் இரண்டு பக்கமும் ஆளுங்கட்சிக் கம்பமும் எதிர்க்கட்சிக் கம்பமும். வண்டி திருப்ப இடமில்லாததற்கு வேலி மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பண்ணையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அதைப் பார்த்து என் அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சர்வேயர் உட்படச் சிரிக்காதவர் இல்லை. அப்பா மட்டும் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பண்ணையம்மா ஆள்விட்டு வேலியைப் பிடுங்கத் தொடங்கினார். அதே காலையில் அப்பா கடப்பாரையோடு போய்ப் பீடத்தை இடித்தார். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். கொடியை மடித்து என் கையில் கொடுத்து, கீழே வைக்காதே என்றார். மற்ற இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வேறு வழியில்லாமல் போனது. ஒருவர் எடுக்காமல் இன்னொருவர் எடுக்க மாட்டேன் என்று மதியம் வரை பிணங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்று இரண்டு மூன்று சொல்லி இரண்டு கம்பத்தையும் சேர்ந்தே பிடுங்கினார்கள். மூன்றும் குளத்தங்கரைக்குப் போய் வரிசையாக நின்றன. கொட்டகையைப் பிரித்துக் கொல்லையில் போட்டோம். மாடு இரண்டு நாள் பழைய இடத்துக்கே போய் நின்று பார்த்தது.

அடுத்த வருஷம் ஊராட்சியில் பாதைக்குக் கப்பிக்கல் போட்டார்கள். கிராமங்களுக்கு மினி பஸ் விட ஆரம்பித்திருந்த காலம் அது. ஒருநாள் எங்கள் தெருவுக்கும் ஒன்று வந்தது. நெற்றியில் மாலை, ஸ்பீக்கரில் பாட்டு. தெரு முனையில் அது ஒரே மூச்சில் வட்டமடித்துத் திரும்பியதைப் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள். போகிற காரியம் ஒன்றும் இல்லாவிட்டாலும் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் பிடித்தாள்.

வயல் திருப்பத்தில் பண்ணையம்மா கை காட்டி ஏறினார். இடம் இல்லை. அம்மா தயங்கவே இல்லை, நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நான் கம்பியைப் பிடித்து நின்றேன். அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் இந்த வருஷம் நாற்றில் பூச்சி விழுந்ததைப் பற்றித்தான். சீர்காழி வரை அதையே பேசினார்கள். இறங்கியதும் அவர் உரக்கடைக்குப் போய்விட்டார். நாங்கள் எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் கும்பலாக நின்றோம். கடைசியில் அம்மா எல்லாருக்கும் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தாள். தலையில் வைத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.