ஒரு சுற்று குறைந்த ஸ்பிரிங்

பட்டனக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால். சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசி மேசை அவளுடையது. சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்ப்பாள். உறுதியாக நின்ற பட்டனையும் இன்னொரு தரம் இழுப்பாள். அந்தக் குணம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. முகர்ந்து பார்க்காமல் பால் காய்ச்ச மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால், எதற்குச் சிரித்தாள் என்று பாதி நாள் மண்டையைக் குடைந்துகொள்வாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் புருஷன். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவே வராது என்று நம்பினாள்.

வீட்டில் ஜீப் மாதிரி உயரமான பழைய கார் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அவளைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, மகளை வேலைக்கும் கைக்குழந்தைப் பேரனைக் காப்பகத்துக்கும் கொண்டுபோய் விடுவது புருஷன் வேலை. ஒருநாள் அந்தக் காரில் அவள் காலை அவ்வளவாகத் தூக்காமலே ஏறிவிட்டாள். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னங்க, வண்டி இறங்கிப்போன மாதிரி இல்ல?"

"பழசாச்சுல்ல" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் 'டொக்' என்றது. பேரன் கெக்கெக்கே என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் கார் சர்வீசுக்குப் போய் வந்திருந்தது. சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு எதையோ மாட்டிவிட்டான் அந்த மெக்கானிக் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டாள்.

"என் பேரன் போற வண்டிங்க இது. அந்த மெக்கானிக்கை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"விடும்மா, எதுக்கு வீண் வம்பு" என்று புருஷன் ஆயிரம் சாக்குச் சொன்னார். கழுத்தில் கயிறு கட்டி இழுக்காத குறையாக அவரைப் பட்டறைக்கு அழைத்துப்போனாள்.

அவள் கத்தி முடிக்கும்வரை மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருகினார். அளவு பெரிதான வளையல் போல அது லொடலொடவென்று சுற்றியது.

"அக்கா, சக்கரம் தொங்கினாலும் நல்ல ஸ்பிரிங் இறுக்கமா உட்கார்ந்திருக்கும். இதுல ஒரு சுத்து வெட்டியிருக்காங்க. முனையைப் பாருங்க, அறுத்த தழும்பு. பள்ளத்துல இது இடத்தை விட்டு நழுவும். வளைவுல நழுவிச்சுன்னா வண்டி யார் பேச்சையும் கேக்காது. குழந்தையை வச்சுக்கிட்டா இதுல போறீங்க?"

"நல்லா பேசற! வெட்டினது நீதானே?"

மெக்கானிக்கின் பார்வை போன திசையில் அவளும் திரும்பினாள். புருஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார். "முட்டி வலிக்குது, ஏற முடியலன்னு தினமும் சொல்லுவியே. நாலு விரல் இறங்கினா உனக்குச் சுலபமா இருக்கும்னு வெல்டிங் கடையில கொடுத்து வெட்டிட்டேன். இப்படி ஆகும்னு தெரியாதும்மா."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊரில் உள்ளவர்களை எல்லாம் இழுத்துப் பார்த்தவள், இந்த ஒரு பட்டனை மட்டும் இழுத்துப் பார்த்ததே இல்லை. வளைவுகளில் பேரன் சிரித்துக்கொண்டே போயிருக்கிறான்.

"ஒரு முக்காலி வாங்கிப் போட்டா போதாதா, பாவி மனுஷா!"

புது ஸ்பிரிங் வரும்வரை குழந்தையைக் காரின் பக்கமே விடவில்லை. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. காரை எடுக்கப் போன அன்று, அவர் சட்டையில் தொங்கிய பட்டனை நின்ற இடத்திலேயே தைத்துக் கொடுத்தாள்.

கார் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் புருஷன் கதவருகே ஒரு மர முக்காலியைப் போட்டுவிட்டுப் பெருமையாக நின்றார்.

"ஏறு."

அவள் ஏறவில்லை. குனிந்து முக்காலியைத் தலைகீழாகப் புரட்டினாள். மூன்று காலின் முனையையும் விரலால் தடவினாள். மரத்தூள் ஒட்டியது.

"வெட்டினீங்களா?"

"கொஞ்சம்தாம்மா. உனக்கு உயரமா இருக்குமேன்னு..."