மறையூர் மேட்டில் ஒரு ‘கேட்டேளா?’

காலை ஐந்தே முக்காலுக்குப் பாலக்காட்டுக் கல்பாத்தியை விட்டுக் கிளம்பினேன். தோளில் ஒரு பை, சட்டைப் பையில் இரண்டு எலுமிச்சம்பழம். எனக்கு மலைப்பாதை ஆகாது. இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் வயிற்றில் இருப்பது வெளியே வந்துவிடும். இந்த ஒரு காரணத்தால் அறுபத்தாறு வயது வரை மூணாறு, ஊட்டி, கொடைக்கானல் எதையும் பார்க்காமல் காலம் தள்ளியவன் நான். இன்று மறையூருக்கும் மேலே ஒரு கிராமத்துக்குப் போகிறேன், என் மனைவி விசாலத்தின் குரலைக் கேட்பதற்காக.

விசாலம் போன ஆடியில் காலமானாள். சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாதம் ஒரு தடவை அந்த மலைக்குப் போய் நாலைந்து நாள் தங்கிவிட்டு வருவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. அங்கே ஒரு நூலகம் இருக்கிறது, படிக்கப் போகிறேன் என்பாள். நம்மூர் நூலகத்தில் இல்லாத புத்தகம் மலைமேலே இருக்கிறதாக்கும் என்று கேலி செய்வேன். “உங்களுக்கு ஒண்ணும் புரியாது, கேட்டேளா?” என்று சொல்லிவிட்டுப் போவாள். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘கேட்டேளா?’ வைத்தால்தான் அவளுக்குப் பேச்சு முடியும். அவள் பஸ் ஏறியதும் நான் எனக்கு ரசம் வைத்துக்கொள்வேன்.

இரண்டு வாரம் முன்பு அந்த நூலகத்திலிருந்து செல்வி என்ற பெண் கூப்பிட்டாள். “சார், மாமி படிச்சுக் குடுத்த ஆஸ்பத்திரி ரெக்கார்டிங்க மாத்த வேண்டியிருக்கு. பழச அழிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்பட்டுமா?”

வேண்டாம், நேரில் வருகிறேன் என்றேன். அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்து அவள் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கில்லை. அதோடு, அழிக்காதே என்று அந்தப் பெண்ணிடம் நேரில் கேட்க நினைத்தேன். இந்தப் பயணத்துக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து உடுமலைப்பேட்டை முப்பதுக்குள். உடுமலையில் மறையூர் பஸ் தயாராக நின்றது. ஏறியதும், ஜன்னலோரம் இருந்த வெள்ளை வேட்டிக்காரர் என்னையும் எலுமிச்சம்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க இந்தப் பக்கம் உக்காந்துக்குங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க” என்று எழுந்து இடம் விட்டார்.

தன் வேட்டியைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம்தான் என்றாலும் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். சின்னாறு சோதனைச் சாவடி வரை மானத்தோடு வந்தேன். அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் கைவிட்டது. வேட்டிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “அடுத்த வளைவு இதவிடப் பெருசுங்க” என்று ஆறுதல் சொன்னார்.

வயிறு காலியான பிறகுதான் வெளியே பார்க்க முடிந்தது. வறண்ட முள்காடு, தூரத்தில் கோடாகத் தெரியும் அருவி, வேலி போட்டுக் காவல் காக்கிற சந்தன மரங்கள், பிறகு திடீரென்று கரும்புத் தோட்டம். மறையூர் நெருங்கும்போது பாகு காய்கிற வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. இதே வழியில், இதே போன்ற ஒரு ஜன்னலில் அவள் மாதாமாதம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாந்தி வந்ததால் இல்லை.

மறையூரில் மதியம் ஒரு மணி. மேலே போகும் ஜீப்பில் ஆளுக்கு அறுபது ரூபாய். முன் சீட்டில் உட்கார்ந்து மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். டிரைவர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“சார் பாலக்காடா? மாமியோட சாரா?”

“எப்படிப்பா தெரியும்?”

“மேல வாங்க சார், தானாத் தெரியும்.”

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று செல்வி கேட்டுக்கொண்டாள். எழுதினால் கேமராவோடு ஆட்கள் வந்து பூண்டுக் காட்டை மிதித்துவிடுவார்களாம். எனவே எழுதவில்லை. படிப்படியாக வெட்டிய நிலத்தில் காரட்டும் பூண்டும் விளைகிற ஒரு சரிவு, தகரக் கூரை போட்ட இரண்டு அறை, வாசலில் மலையாளத்தில் ‘வாயனசாலை’ என்ற பலகை. அதுதான் நூலகம்.

செல்விக்கு முப்பது வயதிருக்கும். அந்த ஊர்ப் பெண்தான், நூலகத்தைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். சுக்குக் காப்பி கொடுத்து, வயிறு நிலைக்கு வந்ததா என்று விசாரித்துவிட்டுக் கதையை ஆரம்பித்தாள்.

“வாயனசாலன்னா படிக்கிற எடம்னு அர்த்தம். எங்க ஆளுகளுக்குத் தமிழ்தான. வாய்னு இருக்கவும் பேசுற எடம்னு நெனச்சுட்டாங்க. பூண்டுக் காட்டுல வேல முடிஞ்சு வந்தா இங்க ஒரே சளசளப்பு. நானும் ‘அமைதி காக்கவும்’னு எழுதி மாட்டினேன். மறுநாள்லருந்து ஈ, காக்கா வரல.”

ஒரு மழை நாளில், சுற்றிப் பார்க்க வந்த விசாலம் இங்கே ஒதுங்கியிருக்கிறாள். பஞ்சாயத்தில் கொடுத்த மலையாள நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பெண்கள் வாசலில் முழித்துக்கொண்டு நின்றார்களாம். அதை வாங்கி உரக்கத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு, “முதல்ல அந்த ‘அமைதி’ப் பலகையைக் கழட்டு. பேசற எடமாவே இருக்கட்டும்” என்றாளாம்.

அன்றிலிருந்து இது உரக்கப் படிக்கிற நூலகமாகிவிட்டது. கதை, செய்தி, மனு எழுதுகிற விதம், விதைப் பொட்டலத்தில் இருக்கிற விவரம் எல்லாவற்றையும் தமிழில் படித்துப் பதிவு செய்கிறார்கள். புத்தகம் இரவல் கொடுப்பது போல, பதிவுகளை ஏற்றிய கையடக்க ஸ்பீக்கர்களை இரவல் கொடுக்கிறார்கள். அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே அவை முதுகில் எண் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. காலையில் காட்டுக்குப் போகிற பெண்கள் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள். படிக்கப் போகிறேன் என்று விசாலம் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“மாமி ரெக்கார்டிங்கக் கேக்குறீங்களா சார்?” என்றாள் செல்வி. “இங்க வேண்டாம், கொட்டகைக்குப் போயிருவோம். அங்க அதக் கேக்குற பொம்பளைங்க எல்லாரும் இருப்பாங்க.”

பூண்டு ஆய்கிற கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பூண்டின் காய்ந்த தாளை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வி ஸ்பீக்கரைக் கவிழ்த்த கூடையின் மேல் வைத்தாள்.

“கீழ ஆஸ்பத்திரிக்குப் போறவா எல்லாரும் காலம்பற ஆறரைக்கு ஜீப் நிக்கற எடத்துக்கு வந்துடணும். கேட்டேளா?”

“கேட்டோம் மாமி” என்றது கொட்டகை.

ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“பழைய சீட்டு, ஆதார், ஒரு குப்பி ஜலம், மறக்காம எடுத்துக்கோங்கோ. கூட ஒருத்தரைக் கூட்டிண்டு போறது நல்லது. எங்காத்துக்காரர் மாதிரி வண்டில ஏறினதும் வாந்தி எடுக்கறவரா இருந்தா மட்டும் வேண்டாம். எலுமிச்சம்பழத்தோட யாராவது வந்தா ஆத்துலயே விட்டுடுங்கோ. கேட்டேளா?”

கொட்டகையில் சிரிப்பு வெடித்தது. எல்லாக் கண்களும் என் சட்டைப் பை மேல் இருந்தன. நான் அழுதுகொண்டே சிரித்தேன். நான் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்த மலையில் எனக்கு முன்னாலேயே என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நடுவில் ஓர் இடத்தில் இருமி, “இரு, தொண்டை கரகரங்கறது” என்றாள். அதையும் செல்வி வெட்டாமல் விட்டிருந்தாள். வீட்டில் ராத்திரி கேட்ட அதே இருமல்.

முடிந்ததும் கேட்டே விட்டேன். “செல்வி, இதை அழிக்காதேம்மா.”

அவள் முகம் வாடிப்போயிற்று. “எனக்கு மட்டும் ஆசையா சார்? இப்ப ஜீப்பு ஆறு மணிக்கே போயிருது. இதக் கேட்டுட்டு ஆறரைக்கு வந்து நின்னவங்க இருக்காங்க. பேச்சியம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து முடிஞ்சு, ஜீப்ப விட்டுட்டு, அந்த வாரம் பூரா போகாம இருந்துட்டாங்க.”

மூலையில் பூண்டு கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்கினாள். ஒரு கண் சிவந்திருந்தது.

“மாமி பொய் சொல்லாது சார்” என்றாள் பேச்சியம்மா. “ஜீப்புக்காரன்தான் மாறிட்டான்.”

“அப்படின்னா மாத்திடு செல்வி” என்றேன், அந்தக் கண்ணைப் பார்த்தபடி. நிஜமாகவே சொன்னேன். “முழுசையும் நீயே படிச்சுடு.”

“ஏன் முழுசையும்?” என்றாள் பேச்சியம்மா, கையில் முறுக்கிய தாளை விடாமல். “தப்பா இருக்கறது ஒரு வார்த்தை. அத மட்டும் சார் சொல்லட்டும்.”

“நடுவுல வேற கொரல் வந்தா கேக்குறவங்க கொழம்பிருவாங்கக்கா.”

“புருசன் பொண்டாட்டி பேச்சுல குறுக்க பேசுறது ஊருல இல்லாததா? யாரும் கொழம்ப மாட்டாங்க.”

கொட்டகை மறுபடி சிரித்தது. செல்வியும் சிரித்தாள். சாயங்காலம் நூலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் போனை வாய்க்கருகில் பிடிக்க, ஒரே ஒரு வரி படித்தேன். ஐந்தாறு தடவை படிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆறு என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள் என்று செல்வி கண்டித்தாள்.

மறுநாள் காலை பனி விலகுவதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டேன். செல்வி ஸ்பீக்கரை வைத்தாள்.

“கீழ ஆஸ்பத்திரிக்குப் போறவா எல்லாரும்” என்றாள் விசாலம்.

“ஆறு மணிக்கே வந்துடணும். ஆறரைக்கு வந்தா ஜீப் கிடைக்காது” என்றேன் நான்.

“கேட்டேளா?” என்றாள் விசாலம்.

“கேட்டோம்” என்றார்கள் எல்லாரும். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன ஒன்றை மறுத்துப் பேசாமல் அவள் அப்படியே ஊருக்கு எடுத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது செல்வி ஒரு ஸ்பீக்கரை இரவல் தந்தாள். நூலகத்தின் வழக்கப்படி ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். கூடாது, எடுத்தவர்தான் கொண்டுவர வேண்டும் என்றாள். எல்லாருக்கும் அப்படித்தானா என்று நான் விசாரிக்கவில்லை. சின்னாறு இறக்கத்தில் வழக்கம்போல எல்லாம் நடந்தது.

இருட்டியபின் கல்பாத்தி வந்து சேர்ந்தேன். மலையில் ஒரு குரலுக்குப் பன்னிரண்டு பேர் பதில் சொன்னார்கள். இங்கே கதவைத் திறந்தால் சுவரில் கடிகாரம் ஓடுகிற சத்தம். அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு, அவள் சம்புடங்கள் அடுக்கும் பலகையில் ஸ்பீக்கரை வைத்து அழுத்தினேன். அவள் ஆரம்பித்தாள், நான் குறுக்கே பேசினேன், அவள் முடித்தாள்.

“கேட்டேளா?”

வீட்டில் வேறு யாரும் இல்லை. நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

“கேட்டேன்” என்றேன்.