மெதுவாய் வரவேண்டிய பந்து

கேதீஸ்வரனுக்கு வயது முப்பத்தொன்பது. கிரான்பர்னில் வீடு, உதிரிப்பாகக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. தங்கள் பேஸ்பால் அணிக்கு ஆள் குறைகிறதென்று வேலைத்தள நண்பர்கள் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. எறியும் கை நல்ல கைதான். ஆனால் எறிந்ததெல்லாம் ஒரே வேகம். முதல் சுற்றில் திணறிய மட்டைக்காரர்கள் இரண்டாம் சுற்றில் விளாசித் தள்ளினார்கள்.

அதனால் சேஞ்ச்-அப் என்ற ஏமாற்றுப் பந்தைப் பழகத் தொடங்கினான். பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்து, கையை மட்டும் அதே விசையோடு வீசவேண்டும். பந்து பிந்தி வரும். வேகப்பந்தென்று நம்பியவன் காற்றை அடிப்பான். சொல்வதற்கு எளிது. மெதுவாக எறிய நினைத்ததுமே கேதீஸின் கையும் மெதுவாகிவிடும்.

எறியும் பந்தைப் பிடிக்க ஆளில்லை. மனைவி சந்திரவதனாதான் வந்தாள். மல்கிரேவில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பவள். வேலை முடிந்து வந்து, கம்பி முகக்கவசம் மாட்டி, வீட்டுப் பின்வளவில் கையுறையை நீட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். ஒரேயொரு நிபந்தனை, என்ன பந்தென்று முன்னரே சொல்லவேண்டும்.

"வேகமோ, மெதுவோ?"

"மெது."

"நீங்கள் சொல்லவே தேவையில்லை. உங்கட தோளே சொல்லுது" என்று சிரிப்பாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, "இண்டைக்கு உங்கட தோளில ஒரு வித்தியாசமும் தெரியேல்லையப்பா" என்றாள். உண்மைதானா என்று அவனுக்குப் பார்க்கவேண்டும் போலிருந்தது. "மெது" என்று சொல்லிவிட்டு, வேகப்பந்தை எறிந்தான்.

மெதுப்பந்துக்கு அவள் வெறும் வலக்கையையும் கையுறையோடு சேர்த்து வைப்பாள். அது அவனுக்குத் தெரியும். பந்து அவள் கட்டைவிரலில் மோதியது. அவள் கத்துவதற்கு முந்திய கணத்தில் அவன் சிரித்தான். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை, அந்தப் பந்து தனக்குப் பழகிவிட்டது என்ற சிரிப்பு.

எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், "கை வழுக்கிப் போச்சு" என்றான்.

"நீங்கள் என்ன, வேணுமெண்டே எறிஞ்சனீங்கள்?" என்று அவள் அவனைத் தேற்றினாள்.

ஏழு வாரம் அவளால் ஊசி பிடிக்க முடியவில்லை. வரவேற்பு மேசையில் இருத்திவிட்டார்கள். கேட்டவர்களிடம் கார்க்கதவு நசித்ததென்றாள். புருஷன் எறிந்தானென்றால் வேறு விதமாக நினைப்பார்கள். கேதீஸ் சமைத்தான், அவள் தலையைக் கோணலாகப் பின்னிவிட்டான். "என்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கிறார்" என்று சிநேகிதி விமலாதேவியிடம் அவள் தொலைபேசியில் சொன்னபோது, அவன் கறியை அடுப்பில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றான்.

ஏழாவது வாரம் ஒரு ஆட்டம். எதிரணியின் கடைசி ஆட்டக்காரன் அந்த மெதுப்பந்துக்கு முழங்கால் மடங்க மட்டையை வீசி ஏமாந்தான். அணியே ஓடிவந்து கேதீஸைத் தூக்கியது. சந்திரவதனா கட்டுப்போட்ட கையைத் தொடையில் தட்டி ஆரவாரித்தாள். அவனால் அந்தப் பக்கம் பார்க்கமுடியவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் காரை எடுக்காமல் இருந்தான்.

"வதனா, அண்டைக்குக் கை வழுக்கேல்லை. வேணுமெண்டுதான் எறிஞ்சனான்."

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தாள்.

"அப்ப, நீங்கள் சிரிச்சதும் உண்மைதானோ?"

"ஓம்."

"நான் பாத்தனான். நோவில எனக்குத்தான் அப்பிடித் தெரிஞ்சுதெண்டு நினைச்சிட்டன்." யன்னல் பக்கம் திரும்பினாள். "விரல் பொருந்தீடும். ஆனா ஏழு கிழமையா என்னை உங்களுக்கு நன்றி சொல்ல வச்சிட்டீங்களே, கேதீஸ்."

அதற்குப்பின் இரண்டு வாரம் அவசியமானதை மட்டும் பேசினாள். ஜனவரியில் வேலையில் மறுபடி ஊசி பிடித்தாள். ஆட்டங்களுக்கு வருவாள், பந்து பிடிக்க வருவதில்லை, அவனும் கேட்பதில்லை. வலை கட்டித் தனியே பழகுகிறான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த சுஜீதன், "அண்ணை, உந்தப் பந்தை எப்பிடிப் பழகினீங்கள்?" என்று கேட்டான். சந்திரவதனா பக்கத்தில்தான் நின்றாள். கேதீஸ் சிரிப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கேதீஸிடம் நீட்டிவிட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.